ஸ்டீயரிங் கனக்கிறது

சைகோனில் எங்களுக்குச் சோறு போட்டது ஒரு பழைய டீசல் லாரி. பிரெஞ்சுக்காரர்கள் ரப்பர் தோட்டத்தில் ஓட்டிவிட்டு, ஊரை விட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. என் வீட்டுக்காரர் அவர்களுடைய பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். காரைக்காலுக்குத் திரும்பிப் போய் என்ன செய்வது என்று அங்கேயே தங்கிவிட்டார். நகரத்துக்கு வெளியே குச்சி என்கிற ஊரின் பக்கத்து வயல்களில் வைக்கோல் ஏற்றி வந்து, நகரத்தில் பால்மாடு வைத்திருந்த நம்மவர்களின் கொட்டில்களில் இறக்குவார். ஏற்றி இறக்குகிற ஆட்களோடு மல்லுக்கட்டுவது என் வேலை. அதற்கு என் வாய் போதும் என்பார். அதனால் பாதி நாள் நானும் முன்சீட்டில் இருப்பேன்.

அந்த லாரியில் பவர் ஸ்டீயரிங் இருந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய சங்கதி. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் போய் பம்பைச் சுற்றும். பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த வேகத்தில் முன்சக்கரம் சொன்னபடி திரும்பும். பம்பு மக்கர் பண்ணினால் தீர்ந்தது, இரண்டு ஆள் தொங்கினாலும் அசையாது.

சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. குச்சி சாலையில் ராணுவ வண்டிகள் நடுரோட்டில் வரிசையாக வரும். அவர்கள் ஒதுங்க மாட்டார்கள், நாம்தான் ஒதுங்க வேண்டும். ஒருநாள் வைக்கோல் பாரத்தோடு வரும்போது எதிரே அப்படி ஒரு வரிசை. இவர் ஒடித்தார். வண்டி ஒடியவில்லை. கடைசியில் உடம்பையே ஸ்டீயரிங் மேல் போட்டு இழுத்தார். முதல் வண்டி எங்கள் வைக்கோலை உரசிக்கொண்டு போக, நாங்கள் வயல் சேற்றில் போய் நின்றோம்.

"மாதாவே!" என்றேன்.

அவர் இறங்கி டயரை ஓர் உதை விட்டார். "கொஞ்ச நாளாவே ஸ்டீயரிங் கனக்குது புள்ள. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது."

வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. வீட்டில் நாலு வயிறு. சீனாக்காரர்கள் பேட்டையான சோலோனில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். ஆள் கடாமாடு மாதிரி இருப்பார். எண்ணெய்ச் சட்டியின் மூடியைத் திறந்ததுமே உதட்டைப் பிதுக்கினார். எண்ணெய் பாதிக்குக் கீழே இருந்தது, அதுவும் நுரைத்துப்போய். எண்ணெய் போகிற ரப்பர்க் குழாய் முனையில் கசிவு, அது வழியாகக் காற்றும் உள்ளே போயிருக்கிறது என்றார். குழாயை மாற்றினார். தொய்ந்திருந்த பெல்ட்டை இறுக்கினார். புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றினார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நன்றாக இருக்கிறது என்று இறங்கினார்.

மறுநாளே இவர், "அப்படியேதான் இருக்கு" என்றார்.

மறுபடி போனோம். பம்பைக் கழற்றிப் பார்த்தார், பழுதில்லை. அடுத்த முறை ஜாக்கி கொடுத்து முன்சக்கரங்களைத் தூக்கி, மூட்டு மூட்டாக அசைத்துப் பார்த்து கிரீஸ் அடித்தார். எங்கேயும் பிடிப்பு இல்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு அதே பதிலைச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் கைக்கு எல்லாம் லேசாத்தான்யா இருக்கும்! ஓட்டுறது நீயா, இவரா?" என்று பாதி வியட்நாம் பேச்சிலும் பாதி தமிழிலும் பிடிபிடியென்று பிடித்தேன். அந்த மனிதருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "சோய் ஓய்!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தி, ஸ்பானரைத் தூக்கி எறிந்தார். அங்கே கடவுளே என்று அலுத்துக்கொள்வது அப்படித்தான். நம்பிக்கை இல்லையென்றால் ஒருவர் ஏறித் திருப்புங்கள், ஒருவர் கீழே படுத்துக் கண்ணால் பாருங்கள் என்றார்.

கீழே படுத்தது இவர். மேலே ஏறியது நான். அதுவரை அந்த ஸ்டீயரிங்கை நான் தொட்டதில்லை, தொட விடமாட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "திருப்பு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். அது என் கையோடு வந்தது. இடது கோடி வரை போயிற்று, வலது கோடி வரை போயிற்று. வளையல் கூட நழுவவில்லை.

"ஏங்க! சரியாயிடுச்சுங்க!" என்று ஜன்னல் வழியாகக் கூவினேன். "பஞ்சாட்டம் சுத்துது, வந்து பாருங்க!"

இவர் கீழேயிருந்து மெதுவாக வெளியே வந்தார். நான் நகர்ந்து இடம்விட்டேன். ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கால் சுற்று வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. முழங்கைக்குக் கீழே சதை வெடவெடவென்று துடித்தது. மெக்கானிக் அந்தக் கைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு சாமான்களை எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் சட்டைப் பித்தான் போட முடியாமல், காஜா சிறுசு என்று தையல்காரரைத் திட்டியது. காப்பி கிளாஸ் கைநழுவியபோது எண்ணெய்ப் பிசுக்கு என்றது. ஊறுகாய் ஜாடி மூடி துருப்பிடித்துவிட்டது என்று என்னிடம் நீட்டியது. எல்லாவற்றுக்கும் நானும் ஒத்து ஊதியிருக்கிறேன். அந்தத் தையல்காரர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

"கிட்ட வந்து ஒக்காரு" என்றார் இவர்.

அப்படியே வீடு வந்தோம். கிளட்சும் பிரேக்கும் அவர் கால். கியரை இரண்டு கையாலும் இழுத்துப் போட்டார். ஸ்டீயரிங் என் கையில். "இடது... இன்னும் கொஞ்சம்... போதும், விடு." சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் திட்டினார்கள். ஒரு முக்கில் போக்குவரத்துப் போலீஸ்காரர் எங்களைப் பார்த்து, புதுக் கல்யாணமா என்று சிரித்தார். நான் முறைத்த முறைப்பில் வழி விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் ரோடு தெரியாதே என்று அடக்கினேன்.

ஆஸ்பத்திரியில் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றார்கள். கையில் ஆரம்பித்திருக்கிறது, கையோடு நிற்காது, மருந்து கிடையாது. இவ்வளவையும் டாக்டர் பிரெஞ்சில் மரியாதையாகச் சொன்னார். வெளியே வந்ததும் இவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "யாரும் கேட்டா ஸ்டீயரிங் சரியில்லேன்னு சொல்லு."

சொன்னேன். கொட்டில்காரர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னேன். மழைக்காலம் வருவதற்குள் அவருக்குக் கியரும் போட முடியாமல் போயிற்று. லாரியை விற்பதைத் தவிர வழியில்லை. வாங்க வந்தவர் நாங்கள் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த பால்காரர்களில் ஒருவர், காரைக்கால் பக்கம்தான். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்லயே சொல்லிடுறேன் தம்பி, ஸ்டீயரிங் கனக்கும்" என்றார்.

பால்காரர் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கை அந்தக் கோடி வரை சுற்றினார். சுற்றியவர் அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு இன்னொரு கையையும் கொண்டுவந்து வைத்து, முக்கி முக்கித் திருப்பினார்.

"ஆமாண்ணே. கனந்தான். நீங்களா இருக்கவே இத்தன நாளு ஓட்டியிருக்கீங்க."

அவர் விலையில் ஒன்றும் குறைக்கவில்லை. நான் உள்ளே போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தபோது லாரி கிளம்பிவிட்டது. எங்கள் சந்து முனை குறுகல். இவர் நல்ல நாளிலேயே ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திருப்புவார். பால்காரர் ஒரே ஒடிப்பில் திருப்பிக்கொண்டு போனார்.

சத்தம் அடங்கும் வரை இவர் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மெக்கானிக்க ரொம்பப் பேசிட்டோம்" என்றார். "காலையில போயி சொல்லிட்டு வா புள்ள. ஸ்டீயரிங்குல ஒரு குத்தமும் இல்லேன்னு நான் சொன்னேன்னு சொல்லு."