வம்ச வரிசையில் இருமல் வரும் இடம்

கலியாணம் பேசுகிற தொழிலில் செருப்புத் தேய்வதற்கு முதல் பொறுமை தேய்ந்துவிடும். என்னைப்போல வீடு வீடாக ஏறி இறங்கி, தேத்தண்ணி குடித்தே வயிறு கெட்டுப்போன தரகர்மாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் பிழை இருக்கலாம், கோபத்தில் இல்லை.

முதலியார் படம்

ஜெசிந்தா சுனாமிக்குப் பிறகு கன்னியர் மடத்தில் வளர்ந்த பிள்ளை. தாய் தகப்பன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது திருகோணமலை நகரத்தில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அவளுக்காக முதலில் துறைமுகப் பக்கத்து வீடொன்றுக்குப் போனேன். சுவரில் தலைப்பாகை கட்டிய ஒருவரின் படம். பூட்டனார் வெள்ளைக்காரன் பட்டம் கொடுத்த முதலியாராம். படத்துக்குக் கீழே மாப்பிள்ளை, கதிரையில் சாய்ந்தபடி போனை நோண்டிக்கொண்டிருந்தார். வேலை தேடுகிறாராம், கதிரையை விட்டு எழும்பாமல்.

பெண்ணின் கதையைச் சொன்னதும், நான் குடித்து முடிக்குமுன்னமே தாய்க்காரி கோப்பையை எடுத்துக்கொண்டா. "பிள்ளை நல்லம்தான் அக்கா. ஆனா எங்கட படத்துக்குப் பக்கத்தில ஆற்ற படத்தை மாட்டுறது?"

தாவீது ராசாவின் சொந்தக்காரர்

அதற்குப் பிறகு அன்ரன் தானாகவே என்னிடம் வந்தான். உப்புவெளியில் படகு இஞ்சின் திருத்துகிற பொடியன். "அந்தப் பாமசிப் பிள்ளையைக் கேளுங்கோ அன்ரி" என்றான். கேட்டேன். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு "ஓம்" என்றாள். இனியென்ன என்று சந்தோசமாக அவன் வீட்டுக்குப் போனேன்.

தகப்பன் சந்தியோகு அண்ணை எங்கள் கோவிலில் ஞாயிறுதோறும் அறிவித்தல் வாசிக்கிறவர். குரல் மணி மாதிரி. அந்தக் குரலிலேயே எனக்குப் பிரசங்கம் வைத்தார்: "ஆபிரகாமில தொடங்கி ஆர் ஆற்ற பிள்ளையெண்டு நற்செய்தியில ஏன் எழுதி வைச்சிருக்கு? ஆண்டவரே தாவீது ராசாவின்ர வம்சம் பார்த்துத்தான் பிறந்தவர் தங்கச்சி, நாங்கள் பார்க்கக் கூடாதோ?"

மடத்துக் குசினி

அந்தக் கேள்வி எனக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது. ஆண்டவர் பிறந்த நத்தாருக்குக் கொஞ்சநாள் முன் பூசையில், ஆபிரகாமில் தொடங்கும் அந்த வம்ச வரிசையை வாசித்தார்கள். ஒவ்வொரு வருசமும் அதற்குக் கொட்டாவி விடுகிறவள், இந்தமுறை ஆத்திரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ராசாமாருக்கு நடுவில் சில பெண்களின் பெயர்! பூசை முடிய நேரே மடத்துக் குசினிக்குப் போய், ஜெசிந்தாவை வளர்த்த சிஸ்டரைப் பிடித்தேன்.

சிஸ்டர் கரட் வெட்டிக்கொண்டே சொன்னா. தாமார், மாமனாருக்கே பிள்ளை பெற்றவள். ராகாபு, விலைமகள். ரூத்து, வேற்று நாட்டுக்காரி. உரியாவின் மனைவியை எடுப்பதற்காக உரியாவைச் சண்டைக்கு அனுப்பிச் சாகவிட்டவர்தான் நாங்கள் பெருமை பேசுகிற தாவீது ராசா. அந்த வரிசை முழுவதும் கடைசியில் வந்து நிற்பது மரியாளின் புருசன் சூசையப்பரில். அவரோ பெற்ற தகப்பன் இல்லை. அந்தத் தச்சன் "இது என்ர பிள்ளை" என்று ஏற்றுக்கொண்டபடியால்தான் தாவீதின் பெயரே இயேசுவுக்கு வந்து சேர்ந்ததாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு காலமும் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கத்தினேன். சிஸ்டர் வெட்டுகிறதை நிறுத்தவில்லை. "சொல்லிக்கொண்டுதான் இருக்கிறம். தாவீது எண்டால் எல்லாரும் நிமிர்ந்து இருப்பினம், ராகாபு எண்டால் இருமுவினம்."

பஸ் தரிப்பு

கேட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு சந்தியோகு அண்ணையிடம் ஓடினேன். கோபத்தில் பெயர்களெல்லாம் குழம்பிவிட்டன. ரூத்தைத் தாவீதுக்குக் கட்டிவைத்துவிட்டேன். "அவ தாவீதின்ர பூட்டி, தங்கச்சி" என்று மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பஸ் தரிப்பில் நின்று அழுதேன். அன்ரன் எண்ணெய்க் கையோடு பின்னால் வந்தான். "அழாதேங்கோ அன்ரி. சூசையப்பர் மரியாளைக் கூட்டிக்கொண்டு போகேக்க தகப்பனிட்டயோ கேட்டவர்?"

அறிவித்தல்

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் அறிவிக்க வேண்டும், இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் என்று. தை மாதம் முதல் அறிவித்தல். அன்ரன் தானே போய்ப் பெயர் கொடுக்க, சுவாமியார் எழுதிக் கொடுத்த தாளை சந்தியோகு அண்ணைதான் வாசிக்க வேண்டும். தன் பெயரும் மகன் பெயரும் மணி மணியாக விழுந்தன. பெண் பக்கம் வந்ததும் ஒரு இருமல். பிறகு இன்னொன்று. எனக்குப் பக்கத்தில் ஜெசிந்தா முகம் துடைக்கிற லேஞ்சியை முறுக்கினாள். பிள்ளையின் பெயரை அந்த இருமலுக்குள் விழுங்கப் பார்க்கிறார்!

பூசை என்றும் பாராமல் எழும்பிவிட்டேன். "அண்ணை, தண்ணி குடிச்சிட்டு வடிவா வாசியுங்கோ! பிள்ளைக்குப் பேர் இருக்கு!" கோவில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் தாளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு வாசித்தார், மணிக்குரலில்: "கன்னியர் மடத்தின் மகள் ஜெசிந்தா." நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். ஜெசிந்தா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "இருங்கோ அன்ரி, இன்னும் ரெண்டு ஞாயிறு கிடக்கு."

ஒரு பிள்ளையைக் கட்டிக்கொடுக்க ஆபிரகாம் காலத்திலிருந்தே சண்டை பிடித்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது, அதுவும் வெறும் தேத்தண்ணியில்.