ஆமாம் சொல்லாதவர்

முன்னால் ஓடுகிறவர் மூச்சு வாங்க நின்றால் விஸ்வநாத்தும் நின்றுவிடுகிறார். ஆனால் அவரைப் பார்ப்பதில்லை. பக்கத்து மரத்தை அண்ணாந்து பார்க்கிறார், அதில் ஏதோ முக்கியமான பறவை உட்கார்ந்திருப்பதுபோல. நின்றவர் மறுபடி கிளம்பியதும் அந்தப் பறவையும் பறந்துபோய்விடும், இவரும் கிளம்பிவிடுவார். "நமக்காக நிக்கறார்னு அவாளுக்குத் தோணப்படாது. தோணித்துன்னா வெக்கப்பட்டுண்டு வேகமா ஓடுவா. வேகமா ஓடினா விழுவா" என்கிறார்.

நாற்பத்தாறு வயது. ஒல்லி. பத்தடி தள்ளியிருந்தாலும் தெரிகிற ஆரஞ்சு நிற மேல்சட்டை. முதுகுப்பையில் கட்டுப்போடும் துணி, உப்புச்சர்க்கரைப் பொட்டலங்கள், ஒரு டப்பா நிறையப் புளி மிட்டாய். குளுக்கோஸை வேண்டாம் என்று தள்ளுகிறவர்கள்கூடப் புளி மிட்டாய்க்குக் கை நீட்டிவிடுவார்களாம். "நாக்கு ஊறித்துன்னா கால் தானா நகரும் சார்."

ஓட்டம்தான் தொழில். அதிலும் கடைசியாக ஓடுவது. ஹைதராபாத் பேகம்பேட்டில் மூன்றாவது மாடியில் ஓர் அறை அலுவலகம் வைத்திருக்கிறார் சுபாஸ்ரீ. கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலையை உதறியவர். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் பத்துப் பன்னிரண்டு பேரைத் துருக்கியின் தென்கரைக்கு அழைத்துப்போகிறார். ஒரு வாரம் மத்தியதரைக் கடலோரமாக மலைப்பாதையில் ஓட்டம். பெட்டிகள் படகிலோ காரிலோ விடுதிக்கு விடுதி முன்னாலேயே போய்விடும். மனிதர்கள் பைன் மரங்களுக்கு நடுவே, ஆட்டு மணிச் சத்தத்தைக் கேட்டபடி, பாறையில் பூசிய சிவப்பு வெள்ளைக் குறியைப் பார்த்துப் பார்த்து ஓடிப் பின்னால் போவார்கள். வழிகாட்ட முன்னால் செலிம் என்ற உள்ளூர்க்காரர். எல்லாருக்கும் பின்னால் விஸ்வநாத். யாரும் அவருக்குப் பின்னால் இருக்கக் கூடாது என்பதுதான் அவருடைய வேலை.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஸ்வீப்பர் என்று பெயர். அப்பா என்ன செய்கிறார் என்று பள்ளியில் கேட்டதற்கு மகள் ஹம்ஸினி அதையே சொல்லிவைத்தாள். "எங்கம்மா ரெண்டு நாள் யாரோடயும் பேசலை" என்று சொல்லும்போது மட்டும் விஸ்வநாத் லேசாகச் சிரித்தார். அவருடைய அப்பா ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். டவுன்ஷிப்பில் பிறந்து, கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியே கால் தேர்ந்ததாக ஒரு கதை வைத்திருக்கிறார். படித்து முடித்து ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்தார். பிள்ளைகளை விரட்டி ஓடச்சொல்லும் வேலை அது, பிடிக்கவில்லை. துரத்தாமல் பின்னால் ஓடும் வேலை கிடைத்ததும் அதை விட்டுவிட்டார். இப்போது சைனிக்புரியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறார்.

விடுமுறைச் சிறப்பிதழுக்காக இந்த ஓட்டப் பயணங்களைப் பற்றி எழுதப் போனவன் நான். முதல் பயிற்சி ஓட்டத்தில் மெதுவாக ஓடியதால் அவருடைய துணைதான் வாய்த்தது. முதல் அரைமணியிலேயே ஒன்று உறைத்தது. மனிதர் ஆமாம் சொல்வதில்லை.

"ஊர் ராமச்சந்திராபுரமா?"

"ராமச்சந்திராபுரத்துலதான் பொறந்தேன்."

"இன்னும் தூரம் இருக்கா?"

"தூரம் இருக்கு."

கேள்வியை அப்படியே திருப்பிப் பதிலாகத் தருகிறார். தலையையும் ஆட்டுவதில்லை. வீட்டில் ஹம்ஸினிக்கு இது விளையாட்டாகிவிட்டது. "நான்னா, ரோபோலா மாட்லாடுதுன்னாவ்" என்று தெலுங்கில் வம்புக்கு இழுக்கிறாள். அப்பா ரோபோ மாதிரிப் பேசுகிறாராம். என் எதிரிலேயே கேட்டாள்: "ஆர் யூ மை ஃபாதர்?"

"நான்தான் உன் ஃபாதர்."

"பாத்தியாம்மா? ஒரு எஸ் கூட வராது!"

மனைவி ப்ரியம்வதா சிரிக்கவில்லை. "உள்ள போடி" என்றாள்.

ஹைதராபாத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: இந்த ஊரில் ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பார்கள். ஆட்டோக்காரர் சொல்வார், தக்காளி விற்பவர் சொல்வார், வங்கி மேலாளர் சொல்வார். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் சொல்கின்றன. காபி வேணுமா? ஹவ். நாளைக்கு வர்றியா? ஹவ். விஸ்வநாத்தும் சொன்னவர்தான். போன அக்டோபர் வரை.

போன அக்டோபர் பயணத்தில் பக்தவத்சலம் என்று ஒருவர் போயிருந்தார். அறுபதைத் தாண்டியவர், பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், விஸ்வநாத் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மெதுவாக ஓடுவார், நிறையப் பேசுவார். ஆகவே நாளெல்லாம் விஸ்வநாத்தோடுதான். மூன்றாம் நாள் பாதை, சாலையே இல்லாத ஒரு துண்டு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் செங்குத்தாகக் கீழே கடல். பெட்டிகளை ஏற்றிய படகு கீழே ஒரு சின்னக் குடாவில் ஒதுங்கி, கிளம்பத் தயாராக இருந்தது. மதியம் நெருங்கும்போது பக்தவத்சலம் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மார்பைத் தடவிக்கொண்டார்.

விஸ்வநாத் வாக்கி டாக்கியில் சொன்னார். செலிம் அதற்குள் மலைமுகட்டைத் தாண்டிவிட்டதால் பாதிதான் கேட்டது. யாரோ களைத்து உட்கார்ந்துவிட்டார் என்று புரிந்துகொண்டார். படகை நிறுத்திவைக்கச் சொல்லட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஹவ், ஹவ்!" என்றார் விஸ்வநாத்.

செலிமின் காதில் அது ஆங்கில ஹவ்வாக விழுந்தது. எப்படி, எப்படி? எது எப்படி என்று திருப்பிக் கேட்டார். அதற்குள் விஸ்வநாத் கருவியைப் பைக்குள் திணித்துவிட்டு, பக்தவத்சலத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு குடாவை நோக்கிச் சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் செலிம் பதிலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. களைப்பு தீர்ந்து நடந்து வருகிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டார். படகு போய்விட்டது.

"கீழ போய்ச் சேர்ந்தோம். தண்ணி மட்டும் இருந்தது" என்றார் விஸ்வநாத். கூழாங்கல் கரையில் பக்தவத்சலத்தைச் சாய்த்து உட்காரவைத்திருக்கிறார். அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டிருக்கிறார், படகு வந்துடுத்தா என்று. "வந்துண்டே இருக்கு சார்னேன்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டிருக்கிறார். இவரும் அதையே சொல்லியிருக்கிறார். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை.

"எனக்கு ஆமா தெரியும், எஸ் தெரியும், ஹிந்தில ஹா தெரியும், தெலுங்குல அவுனு தெரியும். துருக்கில எவெத். அதுவும் செலிம்தான் சொல்லிக்குடுத்தான். இத்தனை இருந்தும் வாயில வந்தது அது." அந்தச் சொல்லை அவர் உச்சரிக்கவில்லை, 'அது' என்றார்.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. படகு இருந்திருந்தாலும் பிழைத்திருப்பது சந்தேகம்தான் என்று அங்கே டாக்டர் சொன்னார். பண்டிகை நாளில் செலிம் வாழ்த்து அனுப்புகிறார். திரும்பி வந்த வாரம் விஸ்வநாத் பக்தவத்சலம் வீட்டுக்குப் போய் அந்த ஒற்றைச் சொல் வரை எல்லாவற்றையும் அவர் மனைவியிடம் சொன்னார். வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறார். அந்த அம்மாள் காபி கலந்து கொடுத்து, "எங்காத்துலயும் அப்படித்தானே பேசறோம். கடைசி வரைக்கும் நீங்க கூட இருந்தேளே, அது போறும்" என்றாராம். அந்தக் காபியைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் சார். யாராவது ஒருத்தர்."

வசந்தப் பயணத்துக்கு அவர் போகவில்லை. தற்காலிகமாக ஓர் ஆளைப் போட்டுச் சமாளித்த சுபாஸ்ரீ, இந்த அக்டோபருக்கு முடிவாகத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார். தயவு தாட்சண்யம் இல்லாமல் இல்லை. "ஏனுங்ணா, நீங்க பின்னால வந்தா எனக்குக் கவலையே இல்லீங்ணா. ஆனா வாக்கில கூப்பிட்டா பதில் வரோணும். அது இல்லாட்டி நான் எப்படிங்ணா ஜனங்கள அனுப்பறது?" கடைசிப் பயிற்சி ஓட்டத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடலாம் என்பது ஏற்பாடு.

விஸ்வநாத்துக்குப் போக வேண்டும். கடலுக்காக அல்ல. அந்தத் துண்டுப் பாதையில் இன்னொரு முறை எல்லாரையும் அக்கரை சேர்த்துவிட்டால், பிறகு தூங்கலாம் என்று நினைக்கிறார். அதற்காகவே பயிற்சி. சாயங்காலங்களில் ப்ரியம்வதா ஒரு வாக்கியோடு அடுப்படியில் நிற்பாள், அவர் ஒன்றோடு மொட்டைமாடியில்.

"காபி வேணுமான்னா? ஓவர்."

"எனக்குக் காபி வேணும். ஓவர்."

"சக்கரை?"

"ஓவர் சொல்லணும் ப்ரியா. ஓவர்."

"சக்கரை போடணுமா, ஓவர்!"

"சக்கரை போடணும். ஓவர்."

பக்கத்து வீட்டு ராணுவக்காரர் இதைக் கேட்டுவிட்டு, சண்டை எந்த எல்லையில் என்று விசாரித்தாராம். பேச்சு சரளமாகத்தான் வந்தது. ப்ரியம்வதா அக்டோபருக்கு அவருடைய மழைச்சட்டையைத் துவைத்து மடித்துக்கூட வைத்துவிட்டாள்.

அந்தக் கடைசிப் பயிற்சி ஓட்டம் ஆகஸ்டில், விகாராபாத் பக்கம் அனந்தகிரிக் காட்டில். மழை பெய்து செம்மண் வழுக்கியது. பன்னிரண்டு பேர். கடைசியில் ரஷ்மி என்ற பெண், நான், எங்களுக்குப் பின்னால் விஸ்வநாத். ரஷ்மி வார நாளெல்லாம் நாற்காலியில் கழிப்பவள். ஏற்றத்தில் நின்றாள், இறக்கத்தில் நின்றாள், விஸ்வநாத் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். வழியில் சுபாஸ்ரீ சும்மாவே இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். கடைசி ஆள் தெரிகிறாரா? "கடைசி ஆள் என் முன்னாடி இருக்கா. ஓவர்." தண்ணீர் இருக்கிறதா? "தண்ணி இருக்கு. ஓவர்." இரண்டாவது பதில் சொன்னபின் என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத சிறுபிள்ளைத்தனம்.

கடைசி இறக்கத்தில் ரஷ்மியின் கால் ஒரு வேரில் மாட்டி மடங்கியது. "அய்யோ" என்று உட்கார்ந்தாள். பெரிய காயம் ஒன்றுமில்லை, கணுக்கால் சுளுக்கு. விஸ்வநாத் உடனே மண்டியிட்டு, கட்டுத்துணியை எடுத்துப் பதமாகச் சுற்றினார். ஒரு புளி மிட்டாயையும் கொடுத்தார். விவரத்தை வாக்கியில் ஒழுங்காகச் சொன்னார்.

"ஓகேங்ணா" என்றது சுபாஸ்ரீயின் குரல். "ஜீப்ப மேல அனுப்பட்டுமா? ஓவர்."

அவர் பொத்தானை அழுத்தினார். வாயைத் திறந்தார். உதடு ஒரு வடிவத்துக்குக் குவிந்தது. அது எந்தச் சொல்லின் வடிவம் என்று எனக்குத் தெரிந்தது. அதை அப்படியே நிறுத்திக்கொண்டார். அதற்குப் பின்னால் வேறு சொல் எதுவும் இல்லை. கட்டைவிரல் பொத்தான்மேல் வெளுத்துப்போய் அழுந்தியிருந்தது. அதை விடாதவரை எதிர்முனைக் குரலும் இங்கே கேட்காது. கீழே சுபாஸ்ரீ கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். எங்களுக்கு இலைகளில் இருந்து மழைநீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"சார்?" என்றாள் ரஷ்மி. "க்யா ஹுவா சார்? என்ன ஆச்சு?"

அவர் கடலைப் பார்ப்பவரைப்போல மரங்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் அவர் தோளைத் தொட்டேன், அவருக்கு உறைக்கவில்லை.

ரஷ்மி ஒற்றைக்காலில் எழுந்து, அவர் கட்டைவிரலை ஒரு குழந்தையின் விரலைப்போல மெல்லப் பிரித்து, கருவியை வாங்கிக்கொண்டாள். "ஹவ் மேடம், ஜீப் பேஜ் தோ" என்று ஜீப்பை அனுப்பச் சொன்னாள்.

"ஹவ், ஆ ரஹா" என்று உடனே பதில் வந்தது. வண்டி வருகிறதாம். கோயம்புத்தூர்க்காரர் எப்போதோ இந்த ஊராகிவிட்டிருந்தார்.

ஜீப் வந்தது. கீழே, வண்டிகள் நிற்கும் இடத்தில், ஓடி முடித்தவர்கள் வாழைப்பழம் உரித்துக்கொண்டு, அக்டோபரில் எந்தக் கடலில் குளிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விஸ்வநாத்திடம் தண்ணீர் எப்படி இருக்கும், சில்லென்று இருக்குமா என்று கேட்டார். விஸ்வநாத் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். சுபாஸ்ரீ வந்து அவரைத் தனியாக ஜீப்பின் மறுபக்கம் கூட்டிப்போனார். சுபாஸ்ரீயிடம் கோபம் எதுவும் இல்லை, அழுதிருந்தார்.

"அண்ணா," என்றார், "அக்டோபருக்கு வேற ஆள பாக்கட்டுமாங்ணா?"

வேற ஆளைப் பாரு என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் வருவேன் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் முழு வாக்கியங்கள்தான். விஸ்வநாத் ஜீப்பின் படியில் உட்கார்ந்தார். குனிந்து நாடாக்களை அவிழ்த்து, காலணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே புகுந்திருந்த செம்மண்ணைத் தட்டிக் கொட்டினார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.