என் கணவர் அடைத்த ஓட்டை

ஒழுகுகிற பாத்திரத்தைக் கண்டால் என் கணவருக்குக் கை சும்மா இருக்காது. வேறு வீட்டு ஆண்களுக்குச் சாராயம், சீட்டாட்டம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். இவருக்கு ஓட்டை. எங்கள் அடுப்படியில் ஒரு சட்டி கசியத் தொடங்கினால், எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

மலைநாட்டில் உக்குவளை ஊருக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பாலை உறைய வைத்து, ஷீட் அடித்து, புகைவீட்டில் தொங்கவிடுகிற இடம். அங்கே சேர்ந்ததிலிருந்து உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் ரப்பர் பால்தான் மருந்து என்று நம்பினார். எங்கள் ஜன்னலோரத்தில் ஒரு பழைய மருந்துப் போத்தலில் அது எப்போதும் இருக்கும். உறையாமல் இருக்க எதையோ கலந்திருப்பார். மூடியைத் திறந்தால் வெங்காயம் உரித்தது போலக் கண் எரியும்.

அவருடைய வைத்தியத்துக்குத் தப்பிய சாமான் எங்கள் வீட்டில் இல்லை. தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தலின் கைப்பிடி கழன்றபோது கம்பி கட்டி, அதன்மேல் சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுப்பு நன்றாக எரிந்த ஒரு காலையில் டியூப் உருகி என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. பிறகு சோற்றுப் பானையில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தது. பிசைந்த சோற்றில் சாம்பலைக் குழைத்து வெளிப்பக்கம் அப்பினால் போதும் என்று நான் சொன்னேன். கேட்டால்தானே! ரப்பர் பாலைத் தடவிக் காயவைத்தார். அன்றைக்கு எங்கள் தட்டில் இருந்தது சோறு இல்லை, புகைவீடு.

"கொஞ்சம் மணந்தாலும் ஒழுகல பாத்தியா" என்றார்.

"நாய்க்கு வெச்சேன், அதுவும் திங்கல. அதையும் பாத்தேன்" என்றேன்.

ஒரு சட்டி மூடியின் குமிழ் கழன்றதற்கு நூல் கட்டை ஒன்றை வைத்துத் திருகாணி முடுக்கியதுதான் அவர் செய்ததில் உருப்படியான வேலை. அதிலும் அந்தக் கட்டையில் பாதி நூல் மிச்சமிருந்தது. நான் வீட்டிலிருந்தே கவுன், சட்டை தைத்துக் கொடுப்பவள். நீல நூலைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கிவிட்டு, கடைசியில் பருப்புச் சட்டியின் தலையில் அதைக் கண்டுபிடித்தேன்.

எண்பதுகளின் கடைசி அது, கிளர்ச்சிக் காலம். கடைகளைத் திறக்கக் கூடாது என்று துண்டுக் காகிதம் வரும். யார் எழுதியது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கடைக்காரர்கள் பலகையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வானொலி ஊரடங்கு என்று சொல்லும். காலையில் பாலத்துப் பக்கம் போய் வந்தவர்கள் அங்கே எதைப் பார்த்தோம் என்று வீட்டில் பேசுவதில்லை. அந்த நாட்களில் நாய் குரைத்தாலே நான் விளக்கை அணைத்துவிடுவேன். பாத்திரம் ஒட்டுகிறவர் தெருவுக்கு வருவது நின்றுபோயிற்று, புதுச் சட்டி வாங்கக் கடையும் இல்லை. எல்லாருக்கும் கெட்ட காலம், என் கணவரின் கைக்கு மட்டும் நல்ல காலம்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா இருந்தார், அவர்கள் வழக்கப்படி நாங்களும் ராத்தா என்றே கூப்பிடுவோம். என்னைவிட ரொம்ப மூத்தவர். கணவரை இழந்து, பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். நோன்பு வந்தால் கஞ்சி, பெருநாள் வந்தால் வட்டிலப்பம் என்று அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு ஏதாவது வந்துகொண்டே இருக்கும். யேசு பிறந்த நத்தாருக்கு எங்கள் வீட்டிலிருந்து கேக் போகும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் இரண்டு வீட்டுக்கும் எழுதாத சட்டம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுக் கொடுப்போம். சீனிக்கே வழியில்லாத நேரத்தில் நான் கறிவேப்பிலைக் கொத்தை வைத்துச் சமாளித்திருக்கிறேன்.

ராத்தாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் வந்தது. ஊரடங்குக்குப் பயந்து எல்லாவற்றையும் பகலிலேயே வைத்திருந்தார்கள். கலியாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரத் தட்டுகள் போக வேண்டும். அதற்கு ஒரே ஒரு வாடகை வான்காரர் சம்மதித்திருந்தார். பகல் சாப்பாட்டுக்கு முன் வருவேன், காத்திருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தட்டுகளில் முக்கியமானது தேன்குழல். உளுந்து மாவை எண்ணெயில் வளையம் வளையமாகப் பிழிந்து, பொரித்து, சூட்டோடு கித்துள் பனையின் இனிப்புப் பாணியில் போட்டு எடுப்பது. மாப்பிள்ளை வீட்டில் முதலில் திறப்பதே அந்தத் தட்டைத்தானாம்.

"தகப்பன் இல்லாத புள்ள, ஒழுங்கா ஒண்ணும் அனுப்பல்லண்டு அவங்க வாயால வந்திரக் கூடாது தங்கச்சி" என்றார் ராத்தா. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் சரியாகத் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அவர் வீட்டு அடுப்படி வந்தவர்களால் நிரம்பியிருந்தது. அதனால் தேன்குழலை எங்கள் அடுப்பில் போடுவது என்று பேசிக்கொண்டோம். தட்டுகள் போவதற்கு முந்தின நாள் பின்னேரமே பொரிக்கிற தாச்சி, எண்ணெய், பாணி எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு பழைய அலுமினியப் பேணி. கைப்பிடியோடு, டீ குடிக்கிற அளவில் இருக்கும். அடியில் நடு மத்தியில் ஒரு ஓட்டை. விரலால் அதை மூடிக்கொண்டு மாவை ஊற்றி, தாச்சிக்கு மேலே பிடித்து விரலை எடுத்தால், மாவு ஒரே சீராக இறங்கும். ராத்தா கையைச் சுற்றுகிற வேகத்தில் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக விழும். அந்த அளவு ஓட்டை வேறு எந்தப் பாத்திரத்திலும் அமையவில்லை என்பார்.

அவற்றை அடுப்படியில் வைத்துவிட்டு, கலியாணப் பெண்ணின் பாவாடைக்கு விளிம்பு அடிக்க நான் ராத்தா வீட்டுக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து என் கணவர் வேலை விட்டு வந்தார்.

மறுநாள் காலையில் அவருடைய முகத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. நல்லது செய்துவிட்டவரின் முகம். பேணியை வாசலுக்கு எடுத்து வந்து, அதில் நிறையத் தண்ணீர் ஊற்றி, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"ஒரு சொட்டு ஒழுகுதா பாரு. பாவம் ராத்தா, ஓட்டப் பேணியப் போய் வெச்சிருக்காங்க. நமக்கு எவ்வளவு செய்றாங்க. வெறும் பாத்திரமா குடுக்க மனசு வரல."

அங்கேயே உட்கார்ந்தேன். வருஷக் கணக்காகத் தேன்குழலைத் தட்டுத் தட்டாகத் தின்ற மனுஷன், அது எப்படிச் செய்யப்படுகிறது என்று ஒரு நாள் அடுப்படியை எட்டிப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, அதற்குப் பாராட்டும் எதிர்பார்த்து நிற்கிறார். விஷயத்தை நான் சொன்னதும் அவர் தூக்கிய பேணியை இறக்கவே மறந்துபோனார். தண்ணீர் அவர் முழங்கையில் வழிந்தது.

அவர் அதுவரை அடைத்த எந்த ஓட்டையும் ஒரு கிழமை தாங்கியதில்லை. இது மட்டும் தாங்கியது. அலுமினியக் கம்பித் துண்டை ஓட்டையில் நுழைத்து, இரண்டு பக்கமும் சுத்தியலால் தட்டிப் பரப்பி, உள்ளே ஒரு சொட்டு ரப்பர் பாலும் விட்டிருந்தார். ஆணியை வைத்துத் தட்டினார், அசையவில்லை. குறட்டால் இழுத்தார், வரவில்லை. பேணியின் அடிதான் உள்ளே குழிந்தது. பக்கத்தில் இன்னொரு ஓட்டை போடட்டுமா என்று கேட்டார். அடுத்தவர் பாத்திரத்தில் இன்னும் கைவைத்தால் உங்களை அடைத்துவிடுவேன் என்றேன்.

அப்போது ராத்தா மாவுச் சட்டியோடு உள்ளே வந்தார். என் கணவர் ஆணியைக் கீழே போட்டுவிட்டு, பேணியை நீட்டினார். ராத்தா அதை வாங்கி உள்ளே பார்த்தார். திருப்பி அடியைப் பார்த்தார். விரலால் அந்த இடத்தைத் தடவினார். திட்டியிருந்தால் பரவாயில்லை. பலகையில் உட்கார்ந்து, "வான் வந்திருமே" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

ஆத்திரத்தில்தான் எனக்கு மூளை ஓடும். அறைக்குள் போய் என் கணவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்தேன். தடித்த, நல்ல துணி. கால்சட்டைக்குள் செருகுகிற பின்பக்கத்து வாலை ஒரு கைக்குட்டை அளவுக்கு வெட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அதன் நடுவில் துளை வெட்டி, நூல் பிரியாமல் இருக்கப் பொத்தான் துளைக்குப் போடுகிற தையலைச் சுற்றிலும் நெருக்கமாகப் போட்டேன். வெந்நீரில் அலசிப் பிழிந்து ராத்தா கையில் கொடுத்தேன்.

மாவைத் துணியில் வைத்து முடிந்து பிழிந்தபோது முதல் வளையம் மண்புழு மாதிரி நெளிந்தது. இரண்டாவது வளையம் போடும்போது, ராத்தாவின் கைக்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது பிடிபட்டது. அதன்பிறகு நான் பாணியில் முக்கி எடுக்க, என் கணவர் விறகைத் தள்ளிக்கொண்டு புகைக்குள் கண் கலங்க உட்கார்ந்திருந்தார். வான்காரர் ஹோர்ன் அடித்தபோது தட்டு நிறைந்திருந்தது. கலியாணமும் பகலிலேயே நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் தேன்குழலை இன்னும் கேட்டார்களாம். அவர்கள் தின்றது என் வீட்டுக்காரரின் சட்டை வழியாக வந்தது என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் பேணி பேணிதானே. எங்களுக்கு மனது ஆறவில்லை. கலியாண வீடு அடங்கிய பிறகு ஒரு பின்னேரம், எப்படியோ தேடிப் பிடித்த சீனியையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்கப் போனோம். ராத்தா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அடி குழிந்த அதே பேணியில் ஆவி பறக்கப் பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து என் கணவர் கையில் கொடுத்தார்.

"குடிங்க தம்பி. கசியுதாண்டு பாருங்க."

அவர் ஒரு வாய் குடித்தார். கண் ஒரு தடவை விரிந்து சுருங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது, ரப்பர் பால். முகம் கோணாமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "கசியல ராத்தா" என்றார்.

"அது எங்க ஊட்டு அவர் டீ குடிச்ச பேணி" என்றார் ராத்தா. "அவர் மவுத்தாகி எங்கள விட்டுப் போன பொறகு புள்ளைங்க எடுத்துக் குடிக்கப் பாத்தாங்க. எனக்குத் தாங்கல்ல. வேற ஒருத்தரும் அதுல வாய் வெக்கக் கூடாதுண்டு நான்தான் ஆணியால அடிச்சு ஓட்ட போட்டன். தேன்குழல் எல்லாம் பொறகு வந்த கத."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ராத்தா பேணியை வாங்கிக் கழுவி, கேத்தலில் மிச்சமிருந்த டீயைத் தனக்கு ஊற்றிக்கொண்டு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாயிற்று.

"இது என்ன தம்பி, இப்பிடி மணக்குது?"

"ரப்பர் பால், ராத்தா" என்றார் இவர், சத்தமே இல்லாமல்.

ராத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரும் அப்பிடித்தான்" என்றார். "ஒரு நாளும் டீய நல்லாருக்குண்டு சொல்லிக் குடிச்சதில்ல. ஏதோ மணக்குது, ஏதோ மணக்குதுண்டு சொல்லிச் சொல்லித்தான் குடிப்பார்."

சொல்லிவிட்டு, மிச்சத்தையும் ராத்தாவே குடித்து முடித்தார்.