வயர்களுக்குப் பெயர் எழுதிய சின்னமுத்து

ஒளித்து வைப்பதைக் கண்டாலே நடுங்கும் ஒரு மனிதர், ஒளித்து வைப்பதையே திறமையாகக் கொண்ட ஒரு தொழிலில் எப்படி இருபத்தாறு வருடம் நிலைத்தார்? சின்னமுத்துவின் வாழ்க்கையை நினைக்கும்போது முதலில் எழும் கேள்வி இதுதான். வாகனங்களுக்குப் பாட்டு செட் பூட்டுவது அவருடைய தொழில். அதில் நல்ல வேலைக்கு ஒரே அடையாளம், வயர் கண்ணில் படக்கூடாது. கம்பளத்துக்கு அடியில், கதவின் உள்பலகைக்குப் பின்னால், ஆசனத்தின் வயிற்றுக்குள் எல்லாம் போய்விட வேண்டும். சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருவது போல வர வேண்டும்.

அவர் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலையில், இனக்கலவரத்துக்குப் பயந்து பெற்றோருடன் மூன்று இரவுகள் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் படுத்திருந்தார். பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார் வேலை பார்ப்பவருக்கு உதவியாளராக இருந்து வயர் வேலை பழகினார். இருபத்திரண்டு வயதில் கண்டிக்கு வந்து, கட்டுகஸ்தோட்டையில் மஹ்மூத்தின் கடையில் சேர்ந்தார். மஹ்மூத் அலவத்துகொடக்காரர், பேச்சிலும் உடம்பிலும் பெரிய மனிதர். சின்னமுத்து அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்று அழைப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு மஹியாவையில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து சுந்தரியுடன் குடியிருந்தார். போர்க்காலத்தில் தமிழர்கள் குடியிருக்கும் இடத்தைப் பொலிஸில் பதிய வேண்டும்; அப்படிப் பதிந்த துண்டின் பிரதியை மெழுகுத்தாளில் மடித்து, அடையாள அட்டையோடு எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். இரண்டாயிரத்து ஆறில், வீட்டு ரேடியோவுக்காக வாங்கிய பற்றரியும் ஒரு சுருள் வயரும் கைப்பையில் இருந்ததற்காக, சோதனைச் சாவடியில் அவரை மூன்று மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்தார்கள். அதே வருடம் சுந்தரியின் அண்ணனைச் சந்தேகத்தின் பேரில் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினான்கு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். திரும்பி வந்தவர் கதவு தட்டும் சத்தம் கேட்டால் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார்.

அதற்குப் பிறகு சின்னமுத்து ஒவ்வொரு மாலையும் கடையை விட்டு இறங்கும்முன் தன் பைகளை எல்லாம் வெளியே இழுத்துப் பார்ப்பார். வயர் துண்டு, பியூஸ், ஒரு சின்ன ஆணி கூட இருக்கக்கூடாது. மஹ்மூத் சிரிப்பார்.

"என்னத்தத் தேடுற? சுந்தரி எழுதின கடிதமா?"

"ஒண்ணுமில்ல நானா."

"ஒண்ணுமில்லங்கிறத இவ்வளவு நேரமா தேடுற ஆள் நீ ஒருத்தன்தான்."

இந்தப் பயத்திலிருந்து ஒரு பழக்கம் வந்தது. ஆசனத்துக்கு அடியில் போகும் ஒவ்வொரு வயரிலும் வெள்ளை பிளாஸ்டர் சுற்றி, அது எங்கிருந்து எங்கே போகிறது என்று பேனாவால் எழுதுவார். ‘முன் வலது ஸ்பீக்கர்.’ ‘பற்றரியிலிருந்து வருவது.’ பெயர் எழுதிய பொருள் ஒளித்த பொருள் ஆகாது என்பது அவர் எண்ணம். யாராவது கிளறிப் பார்த்தால் அதுவே தன்னைச் சொல்லிக்கொள்ளும் என்று நம்பினார். தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் அவர் எழுதியது தமிழில். ஏழாம் வகுப்பு வரை படித்தவர், சிங்களம் சரளமாகப் பேசுவார், எழுத வராது. ஆங்கில எழுத்து நான்கைந்து தெரியும். இடதுக்கு எல், வலதுக்கு ஆர் என்று மட்டும் போடு, போதும் என்று மஹ்மூத் பலமுறை சொல்லியிருக்கிறார். சின்னமுத்து தலையாட்டுவார். ஆனால் இரண்டு எழுத்தில் என்ன விளங்கும்? முழுமையாக எழுதினால்தான் அவருக்கு நெஞ்சு அடங்கும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, பெரஹரா ஊர்வலம் முடிந்த வாரம், வீரசிங்கம் தன் புதிய டபிள் கேப் வண்டியைக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். கண்டி நகரத்தில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவர், நகரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். தோட்டத்திலிருந்து வந்தவர்களிடம் அவர் பேசும்போது குரல் கொஞ்சம் மேலிருந்து வரும்.

"கம்பெனிக்காரன் போட்ட செட்டு கொசு கத்துற மாதிரி இருக்கு சின்னமுத்து. கடுகண்ணாவ ஏத்தத்துல என்ஜின் சத்தத்துல பாட்டே கேக்கல. நெஞ்சுல இடிக்கணும்."

"இடிக்க வைக்கலாங்க முதலாளி. ரெண்டு நாள் குடுங்க."

இரண்டு நாளும் அவர் நிமிரவில்லை என்று மஹ்மூத் சொல்வார். கதவுகளின் உள்பலகையைக் கழற்றி, காகிதக் கூம்பு வைத்த பழைய ஸ்பீக்கர்களை எடுத்தார். தகரம் அதிராமலிருக்க உள்ளே தார்த்தாள் ஒட்டி, புதியவற்றைப் பூட்டினார். பற்றரியிலிருந்து தனி வயர் இழுத்து, என்ஜின் சுவரில் ரப்பர் வளையம் போட்டு உள்ளே கொண்டுவந்தார். பின்னாசனத்துக்கு அடியில் சத்தத்தைப் பெருக்கும் அம்ப், அதன் பின்னால் பேஸ் பெட்டி. பேஸ் இடிக்கும்போது ஹெட்லைட் மங்காமலிருக்க, மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் கப்பாசிட்டர் ஒன்றும் வேண்டும். கொழும்பிலிருந்து வந்தது. முழங்கை நீளத்தில் வெள்ளி உருளை, அதன் தலையில் வோல்ட்டைக் காட்டும் சிவப்பு எண்கள்.

அதோடு வந்த தாளை மஹ்மூத் வாசித்து விளக்கினார். கூட்டலையும் கழித்தலையும் மாற்றிக் கொடுத்தால் உருளை வெடித்துவிடும் என்று அதில் இருந்தது. வீரசிங்கத்தின் மைத்துனனுக்கு எதையும் கழற்றிப் பார்க்கும் பழக்கம் உண்டு என்று சின்னமுத்துவுக்குத் தெரியும். பிளாஸ்டரை அகலமாக வெட்டி, உருளையின் வயிற்றில் ஒட்டி, தடித்த பேனாவால் எழுதினார்: ‘கவனம். வயர் மாறினால் வெடிக்கும்.’

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வீரசிங்கத்தின் மனைவி ஞானேஸ்வரி கடைக்குத் தொலைபேசியில் அழைத்து அழுதார். கொழும்புக்குப் போன வாகனத்தைப் பேராதனை தாண்டி மறித்திருக்கிறார்கள், பின்னாசனத்தைத் தூக்கியிருக்கிறார்கள். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் அங்கே எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தாராம். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

மஹ்மூத் தொலைபேசியை வைத்துவிட்டு என்ன எழுதினாய் என்று கேட்டார். சின்னமுத்து சொன்னார்.

"தமிழிலயா எழுதின?"

"தமிழில்தான் நானா."

"தெல்தோட்டைக்குப் போ. இப்பவே. பத்து மணி பஸ் இரிக்கி. நீ வேலைய விட்டுட்டுப் போய்ட்டதாச் சொல்றேன்."

சின்னமுத்து சரி என்றார். மேசையடியில் இருந்த செருப்பை எடுத்தார். ஒரு காலில் மாட்டினார். பிறகு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். பயம் சிலரை ஓடச் செய்கிறது, சிலரைக் கல்லாக்குகிறது. எந்தப் பயம் எதைச் செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லும் அறிவு யாரிடமும் இல்லை. சுந்தரியின் அண்ணன் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற காட்சி மட்டுமே கண்ணில் இருந்ததாகப் பிற்பாடு சொன்னார். பத்து மணி பஸ் பாலத்தைக் கடந்து போனது. பத்தேகாலுக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. அப்போதும் ஒரு காலில்தான் செருப்பு. மஹ்மூத் கூடவே ஏறிக்கொண்டார். இறங்கு என்றார்கள், அவர் இறங்கவில்லை.

பொலிஸ் நிலையத்தின் பின்புற வெளியில் டபிள் கேப் நான்கு கதவும் திறந்தபடி தனியாக நின்றது. ஐம்பது அடிக்கு அப்பால் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் பொலிஸாரும் இராணுவத்தினரும் நின்றார்கள். குண்டு அகற்றுகிறவர்கள் கொழும்பிலிருந்து வர நேரமாகும் என்று பேசிக்கொண்டார்கள்.

பொறுப்பதிகாரி நரைத்த மனிதர். முதலில் வீரசிங்கம் கொடுத்த வாக்குமூலத்தைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினார். இந்தப் பொருளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, ரேடியோவைத் திருத்தத்தான் கொடுத்தேன், கடையில் வேலை செய்யும் தோட்டத்து ஆள் எனக்குத் தெரியாமல் இதை வைத்திருக்கிறான் என்று இருந்தது. சின்னமுத்து தலை குனிந்து கேட்டார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அது பாட்டு செட்டின் பொருள், கழற்றிக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னார். அதிகாரி அவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, கொழும்பு ஆட்கள் வரும்வரை காத்திருக்க எண்ணமில்லாதவர் போலக் கையசைத்தார்.

சின்னமுத்து நடந்தார். முதுகில் எத்தனை துப்பாக்கிகள் என்று அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பற்றரி வயரைக் கழற்றிவிட்டுப் பின்னாசனத்தைத் தூக்கினார். சிவப்பு எண்கள் எரிந்துகொண்டிருந்தன: 12.6.

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. கப்பாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை வடித்தால்தான் கழற்றலாம். வடிப்பதற்கு ஒரு சிக்னல் பல்பை அதில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பல்பு எரியும், எண்கள் இறங்கத் தொடங்கும். பன்னிரண்டு, பதினொன்று, பத்து. மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கு அது என்னவாகத் தெரியும்?

வண்டியின் சிக்னல் விளக்கிலிருந்து கழற்றிய பல்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அசையாமல் நின்றார். என்ன, என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். துப்பாக்கியை இழுக்கும் சத்தம் கேட்டது. சின்னமுத்து திரும்பாமலே சிங்களத்தில் சொன்னார்.

"சேர், இப்போ பல்பு எரியும். எண் குறைஞ்சுகிட்டே வரும். ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க."

வாழ்க்கையில் முதன்முறையாக அவர் மற்றவர்களைப் பயப்பட வேண்டாம் என்று சொன்னார். அதைச் சொன்னபோது அவர் காற்சட்டை நனைந்திருந்தது. இரண்டையும் மஹ்மூத் பார்த்தார். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து அவரை வீரர் என்றோ கோழை என்றோ சொல்வது சுலபம், அதனாலேயே நம்பத் தகாதது.

பல்பு பளிச்சென்று எரிந்தது. எண்கள் இறங்கின. ஐந்துக்குக் கீழே வந்ததும் எண்கள் மங்கி அணைந்தன. பல்பு சிவந்து கருத்தது. சின்னமுத்து உருளையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து புல்லில் வைத்தார். பிளாஸ்டரில் இருந்த ஒவ்வொரு சொல்லையும் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்து, சிங்களத்தில் பொருள் சொன்னார். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் சரி சரி என்று தலையாட்டினார்.

பிறகு பற்றரியைத் திரும்பக் கொடுத்து, செட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். சிங்கள வானொலியில் ஒரு பெண் பலாக்காய் சமைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை தேங்காய்ப் பால் என்ற அளவு வெளி முழுவதும் இடியாக ஒலித்தது. மணல் மூட்டை மேல் இருந்த தண்ணீர்ப் போத்தல் அதிர்ந்து விழுந்தது. ஓர் இளம் சிப்பாய் சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். தன் வானுக்கும் இப்படி ஒன்று பூட்ட எவ்வளவு ஆகும் என்று ஒரு சார்ஜன்ட் விசாரித்தார்.

சிரிப்பு முடிந்ததும் சின்னமுத்துவின் பத்து விரல்களிலும் மை பூசினார்கள். முன்னாலும் பக்கவாட்டிலும் படம் எடுத்தார்கள். மஹியாவை முகவரியையும் தெல்தோட்டை முகவரியையும் எழுதிக்கொண்டார்கள். மூன்று மணிக்கு, நீ போகலாம் என்றார் பொறுப்பதிகாரி. வீரசிங்கம் போக முடியாது. முதலில் தெரியாது என்றவர் இப்போது தெரியும் என்கிறாராம். பொய் சொன்னதற்குக் காரணம் தெரியும்வரை இருக்கட்டும், மேலிடத்திலிருந்து உத்தரவு வர வேண்டும், இன்று வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

வீரசிங்கம் உள் அறையில் ஜன்னலோரம் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றியிருந்தார்கள். சின்னமுத்து கடந்து போனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாசலுக்கு வந்ததும் மஹ்மூத் அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினார்.

"அந்த மனிசன் ஒன்னய வித்துட்டான். தோட்டத்து ஆளாம். ஒன்ட பேர் கூட வாயில வரல்ல அவனுக்கு. வா, சுந்தரி பயத்துலயே செத்துப் போயிருப்பா அங்க. இவனுகள் மனச மாத்துறதுக்குள்ள போவோம்."

"நீங்க போங்க நானா. சுந்தரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"நீ?"

"நான் கொஞ்சம் இருந்துட்டு வர்றேன்."

மஹ்மூத் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். காவலுக்கு நின்றவர் கூட, விட்ட பிறகு இங்கே என்ன வேலை, போ என்று அதட்டினார். சின்னமுத்து பதிலாக ஏதோ முணுமுணுத்தார். அது யாருக்கும் விளங்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தாய் என்று சுந்தரி ஒருமுறை கேட்டார். மஹ்மூத் வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்டார். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் இறக்கும்வரை சின்னமுத்து பேச்சை மாற்றியே வந்தார். கருணை என்று சொன்னால் அவர் முகத்தில் அன்று கருணை இருக்கவில்லை என்கிறார் மஹ்மூத். பழிவாங்கல் என்று சொன்னால் அதற்கும் சான்று இல்லை. தெரிந்தது இவ்வளவுதான்: மஹ்மூத்தை அனுப்பிவிட்டு, வாசலில் இருந்த நீளமான வாங்கின் ஓரத்தில் முதலில் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து எழுந்து, வாங்கின் மறு முனைக்குப் போனார். வீரசிங்கம் இருந்த உள் அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஓர் ஆள் முழுமையாகத் தெரியும் இடம் அது ஒன்றுதான். அங்கே உட்கார்ந்தார். வீரசிங்கத்தை விடும்வரை எழுந்திருக்கவில்லை.