வெங்காயப் பையும் ஐந்து கிலோ கட்லாவும்: ஒகேனக்கல்லில் நீர்நாய் பார்த்த கதை

பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை எங்கள் விலங்கியல் வகுப்பு ஒகேனக்கல் போய் வந்தது. "ஒகேனக்கல்லா? அதுக்கெல்லாமா பயணக் கட்டுரை?" என்று தருமபுரிக்காரர்கள் சிரிப்பீர்கள். நானும் கடத்தூர்க்காரிதான். காதுகுத்து முடிந்தால் ஒகேனக்கல், பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கல், பெங்களூரிலிருந்து மாமா வந்தால் ஒகேனக்கல் என்றே வளர்ந்தவள். ஆனால் இந்த முறை போனது அருவிக்கு இல்லை. அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் போட்ட திட்டமே வேறு. மூன்றாம் ஆண்டு மாணவர்களை வருடா வருடம் கள ஆய்வுக்கு அழைத்துப் போவார்கள். இந்த வருடம் வால்பாறை மழைக்காடு என்று எல்லோரும் கனவு கண்டுகொண்டிருந்தோம். சிங்கவால் குரங்கு, இருவாச்சி, அட்டைக்கடி எல்லாம் பேசி முடித்த பிறகு வண்டி வாடகையும் தங்குமிடச் செலவும் கேட்டோம், வகுப்பே அடங்கிப் போனது. அப்போதுதான் நான் எழுந்து, "நம்ம காவிரிக் கரைக் காட்டுக்கே போலாம், அங்க நீர்நாய் இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அங்க மீன் வறுவல்தான்டி இருக்கு" என்றான் மாதேஷ். ஏரியூர்க்காரன், எங்கள் வகுப்பின் சாப்பாட்டு மந்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

துறைத் தலைவர் மேடம் சிரிக்கவில்லை. "எண்ணெ தேச்சுக் குளிச்சு மீன் தின்னுட்டு வர்றதுக்கு டிபார்ட்மெண்ட் எதுக்குங்க? நீ சொன்ன நீர்நாயப் பாத்துட்டு வா. பாத்தா அடுத்த வருசமும் டிரிப் உண்டு. இல்லைன்னா ஜூனியர்ஸ்க்கு சேலத்துல ஏதாவது மியூசியம் போதும். குரங்கு, மீன்கொத்தின்னு வந்து கதை சொல்லாத, அதெல்லாம் நம்ம கேண்டீனுக்குப் பின்னாலயே இருக்கு" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான். என் பின்னால் நின்றது இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் மொத்தப் பயணம். அன்று முதல் வராந்தாவில் என்னைப் பார்த்தாலே அவர்கள், "அக்கா, எப்படியாவது பாத்துருங்க" என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள்.

தருமபுரியிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்கு மினி பஸ் கிளம்பியது. நாங்கள் பதினான்கு பேர், கூட எங்கள் பேராசிரியர் தங்கராசு சார். பென்னாகரம் முப்பது கிலோமீட்டர், அங்கே டீ. அதற்கப்புறம் பதினாறு கிலோமீட்டர் காட்டுப் பாதை, மலை இறக்கம். யானை கடக்கும் இடம் என்ற பலகையைப் பார்த்ததும் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தோம். "ஒரே பக்கமா சாயாதீங்க, வளைவு வருது" என்று டிரைவர் அண்ணன் சத்தம் போட்டார். யானை இல்லை. சாலையில் ஈரம் காயாத சாணி மட்டும் கிடந்தது. அதற்கே நான் கைதட்டினேன்.

ஏழேகால் மணிக்கு ஒகேனக்கல். இறங்கியதும் முதல் வேலை மீன். இங்கே ஒரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒகேனக்கல்லில் நீங்களே மீன் வாங்கி, அங்கே அடுப்பு போட்டிருக்கும் அக்காக்களிடம் கொடுத்தால், மசாலா அரைத்துக் குழம்போ வறுவலோ செய்து தருவார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் எங்கள் மாவட்டத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. மீனைக் கொடுத்துவிட்டு நகர மாட்டார்கள். மீன் மாறிவிடுமாம், நடுத்துண்டு பறந்துவிடுமாம். வெந்து தட்டில் விழும்வரை யாராவது ஒருவர் அடுப்புக்குப் பக்கத்தில் காவல் நிற்க வேண்டும். என் அப்பா நிற்பார், மாமா நிற்பார். மாதேஷ் அந்தப் பரம்பரையில் வந்தவன்.

ஐந்து கிலோ கட்லா வாங்கினான். கிலோ இருநூறு. இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்த முழு மீன்கள். சமைக்கும் சிவகாமி அக்கா, "குடுத்துட்டுப் போ சாமி, நீங்க வர்றதுக்குள்ள குழம்பு கொதிச்சிருக்கும்" என்றார்.

"வேண்டாங்கக்கா, நாங்க வந்தப்புறம் எதுருக்க வெச்சே செய்யுங்க."

"எம்மேல நம்பிக்கை இல்லயாடா?"

"அய்யோ, அப்படி இல்லீங்க. ஃப்ரெஷ்ஷா இருக்கணும்னுதான்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, மசாலாவ மட்டும் அரச்சு வெக்கறேன்" என்றார். ஆக, ஐந்து கிலோ மீனும் ஒரு வெங்காய வலைப்பையில் அடைபட்டு எங்களோடு காட்டுக்குக் கிளம்பியது.

வனத்துறையில் கல்லூரிக் கடிதம் கொடுத்து முன்பே அனுமதி வாங்கியிருந்தோம். காவலர் ஒருவர் கூடவே வந்தார். நான்கு பரிசல்களில் ஏறினோம். என் பரிசலை ஓட்டியவர் முனியப்பன் அண்ணன். கூட்டம் கும்மியடிக்கும் அருவிப் பக்கத்தை விட்டு, ஆறு அகன்று அமைதியாகும் பக்கம் போனோம். பரிசலை ஒருமுறை சுற்றிக் காட்டினார். நான் கத்திய கத்தலில் கரையிலிருந்த நீர்க்காகங்கள் எல்லாம் எழுந்து பறந்தன. "இப்படிக் கத்துனா நீர்நாய் இல்ல, தண்ணியே ஓடிப் போயிரும்" என்றார் சார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கரையோர மணல் திட்டு ஒன்றில் இறங்கினோம். வெயிலில் மீன் கெட்டுவிடுமே என்று மாதேஷ் கவலைப்பட்டான். இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்காலளவு தண்ணீரில் பையை இறக்கி, கரை மரத்தின் வேரில் கட்டிவைத்தான். "பரிசல்லயே நெழல்ல வெச்சுட்டுப் போப்பா" என்றார் முனியப்பன் அண்ணன். "தண்ணிக்குள்ள இருந்தாத்தாண்ணா உயிரோட இருக்கும்" என்று இவன் கேட்கவில்லை.

கரையோரமாக இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். சுற்றிலும் காய்ந்த கரட்டுக் குன்றுகள். ஆற்றை ஒட்டி மட்டும் நீர்மருத மரங்கள் வானத்தை மூடிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் கீழே போனால் உடம்பு சில்லென்கிறது. மழைக்காடு கிடைக்காதவளுக்கு இந்த இருட்டே போதும் போலிருந்தது. குரங்குகள் பார்த்தோம். மீன்கொத்தி பார்த்தோம். மேடம் வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் வரிசையாகப் பார்த்தோம்! ஒரு பாறை மேல் செதிலும் முள்ளுமாய்க் கிடந்த எச்சத்தைச் சார் குனிந்து மோந்து பார்த்து, "நீர்நாய்தான், புதுசு" என்று துள்ளினார். எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். நான் மட்டும் மண்டியிட்டு அந்தச் செதில்களை எண்ணாத குறையாகப் பார்த்தேன். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்தோம். ஒன்றும் வரவில்லை.

திரும்பும்போது யாரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை, அதுதான் ரொம்ப வலித்தது. ஜூனியர் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். முன்னால் போன மாதேஷ் திடீரென்று நின்றான். நான் அவன் முதுகில் மோதினேன்.

"சுகன்யா, என் மீனு..." என்றான்.

பாறை மேல் ஒன்று படுத்திருந்தது. ஈரம் பளபளக்கும் பழுப்பு உடம்பு, தட்டை வால், மூக்குக்கு இரண்டு பக்கமும் விறைத்த மீசை. முன்னங்கால்கள் இரண்டாலும் கட்லாவைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து மொறுமொறுவென்று கடித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் இன்னும் இரண்டு, வலைப்பையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. அவற்றுக்குப் பின்னால் மூன்று குட்டிகள், "கீச் கீச்" என்று அம்மாவை நச்சரித்தபடி. நீர்நாய்! ஒன்றல்ல, குடும்பமே! கத்திவிடக் கூடாதே என்று துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன்.

மாதேஷின் கை கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்தது. நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுறா" என்றேன்.

"அஞ்சு கிலோடி. நீங்கதான மத்தியானம் பசி பசின்னு என்னைத் திம்பீங்க?"

"கையெடுத்துக் கும்புடறேன்டா. ஜூனியர் பசங்க டிரிப்புடா அது."

அவன் என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான். காலையிலிருந்து அந்த மீனைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வந்தவன். குச்சியைச் சத்தமில்லாமல் மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். பின்னால் வந்த ஒவ்வொருவரும் அப்படியே உட்கார்ந்தார்கள். மூன்று வருடத்தில் எங்கள் வகுப்பு இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே இல்லை.

பை கிழிந்தது. அவ்வளவுதான், கல்யாணப் பந்திதான். ஒரு குட்டி தன்னைவிட நீளமான மீனை இழுக்கப் பார்த்துப் பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தது. மாதேஷே சிரிப்பை அடக்க முடியாமல் முழங்காலில் முகம் புதைத்துக்கொண்டான். பெரியது ஒன்று எழுந்து நின்று எங்கள் பக்கம் நேராகப் பார்த்தது. "நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம், சாப்பிடு" என்று மனசுக்குள் சொன்னேன். அப்புறம் அதனிடமிருந்து ஒரு விசில் சத்தம். ஆறு நீர்நாய்களும் தண்ணீருக்குள் போய்விட்டன. கண்ணீர் வழிவது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சார் என் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

"ஃபோட்டோ எடுத்தீங்களா?" என்று அவர் கேட்டதும் எல்லோரும் திருதிருவென்று விழித்தோம். எடுத்தது ஒருத்தி மட்டும். அதிலும் பாறை தெரிந்தது, மாதேஷின் காது தெரிந்தது, நடுவில் கறுப்பாக என்னவோ தெரிந்தது.

கரைக்கு வந்தோம். சிவகாமி அக்கா மசாலாவோடு தயாராக இருந்தார். "மீனு எங்கப்பா?" என்றார். மாதேஷ் கிழிந்த பையைத் தூக்கிக் காட்டினான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கிட்டக் குடுத்திருந்தா ஒரு துண்டு கொறையும்னு பயந்த. இப்ப முள்ளுகூட மிச்சமில்ல பாரு." பிறகு கரண்டியை வைத்துவிட்டு, "நீங்க பாத்து சந்தோசப்படறீங்க. எங்கூட்டுக்காரரு வலைய வாரம் ஒருக்கா கிழிச்சுட்டுப் போகுது. அவரு பாத்தா கல்லத்தான் எடுப்பாரு. குட்டிங்களோட வந்தா மட்டும் விட்டுருவாரு" என்றார். அந்த மசாலாவிலேயே குழம்பு கொதிக்கவைத்தார். மீன் இல்லாத மீன் குழம்பு, சோறு, பக்கத்துக் கடையில் வாங்கிய அவித்த முட்டை. கூலி வாங்க மாட்டேன் என்றவரின் கையில் மாதேஷ் கட்டாயப்படுத்திக் காசைத் திணித்தான். குழம்பு அவ்வளவு ருசி.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். ஆற்றில் தண்ணீர் கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் காட்டுப் பக்கம் போகாதீர்கள். முதலை இருக்கும் ஆறு, காவலர் சொல்லாத இடத்தில் கால் நனைக்காதீர்கள். எண்ணெய்க் குளியலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பார்த்த மாதிரியே பார்க்க ஆசைப்பட்டு மீனைத் தண்ணீரில் கட்டிவைக்காதீர்கள். அது பழக்கமானால் அடி வாங்கப்போவது நீர்நாய்தான். எங்களுக்கு நடந்தது முட்டாள்தனத்துக்குக் கிடைத்த பரிசு, இரண்டாம் முறை கிடைக்காது.

திங்கட்கிழமை மேடம் அந்தப் புகைப்படத்தை மூக்குக்கண்ணாடியை இறக்கியும் ஏற்றியும் பார்த்தார். "இது என்ன, செருப்பா?" என்றார். எனக்கு உயிரே போனது. மாதேஷ் முன்னால் போய், நாற்றமடிக்கும் வெங்காயப் பையை அவர் மேஜை மேல் வைத்தான். மேடம் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, கடித்துக் கிழித்திருந்த இழைகளை விரலால் பிரித்துப் பார்த்தார். "எவ்ளோ மீனு இருந்துச்சு?" என்று கேட்டார்.

"அஞ்சு கிலோங்க மேடம்."

"நீ சும்மாவா விட்ட?"

"குட்டிங்க இருந்துச்சுங்க மேடம்."

மேடம் பையிலிருந்து விரலை எடுத்தார். சாப்பாட்டுக்காக ஹாஸ்டலில் மூன்று முறை சண்டை போட்டவன் அவன் என்பது அவருக்கும் தெரியும். "இவன் மீன விட்டுட்டு வந்தான்னா நீர்நாய் வந்தது நெசம்தான்" என்றார் சாரிடம்.

இப்போது எங்கள் ஆய்வகத்தில், ஃபார்மலினில் மிதக்கும் கட்டுவிரியனுக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடி ஜாடிக்குள் அந்தப் பை இருக்கிறது. அடுத்த ஜனவரிப் பயணத்துக்கு ஜூனியர்கள் இப்போதே பேர் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பட்டியலில் முதல் பேர் மேடத்துடையது.