பல் ஆஸ்பத்திரியில் வாங்கிய ஓவியம்

மண்ணரையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனி அயர்ன் மாஸ்டர், கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, செவுத்துல இருக்கற அந்தப் படம் எப்படீங்க?" என்றார்.

"எருமை நல்லா இருக்குதுங்க."

"அது குதிரைங்க." அவர் முகம் வாடிவிட்டது.

உள்ளே போனதும் டாக்டர் சிரித்தார். "அவருக்குப் பல்வலியே இல்லீங்க. அந்தப் படத்தை வரஞ்சவரே அவருதான். விக்கறதுக்காக மாட்டியிருக்காரு. நாலு பேரு என்ன சொல்றாங்கன்னு கேக்க, வாராவாரம் வந்து உக்காந்துக்குவாரு."

பல்லைப் பிடுங்கிக்கொண்டு, மரத்துப்போன வாயோடு வெளியே வந்தேன்.

"படம் வேணுமுங்களா?" என்றார் மாஸ்டர்.

வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்டினேன். அவர் மடமடவென்று படத்தைக் கழற்றி, பனியன் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் எப்படித் தலையாட்டினேன் என்று அவருக்குப் புரியாமலா இருந்திருக்கும்? இன்றுவரை தெரியவில்லை. ஆனால், காசை வாங்கியபோது அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.