ஜோதிமேரிக்கு வந்த எக்கிமோசிஸ்

பாம்பனில் கடல்பாசி எடுக்கிற பெண்களில் என் மனைவி ஜோதிமேரிக்கு ஈடு கிடையாது. அவள் ஒரு தடவை மூச்சுப் பிடித்து முங்கினால், மற்றவர்கள் இரண்டு தடவை மேலே வந்து போய்விடுவார்கள். விரல்களில் துணி சுற்றி, காலில் துடுப்புபோலத் தகடு கட்டி இறங்கினால், சாக்கு நிறையாமல் வள்ளத்தில் ஏறமாட்டாள். குமரியாக இருந்த காலத்திலிருந்து இப்படித்தான். வீட்டிலும் நான் ஒன்று சொன்னால் அவள் நாலு சொல்லுவாள். அப்பேர்ப்பட்டவளை நான் அடித்தேன் என்று தெருவே நம்பியதே, அதைச் சொல்லவேண்டும்.

போன மாதம் கடலுக்குப் போய் வந்தவள், மறுநாள் காலையில் எழுந்தால் இரண்டு கண்ணைச் சுற்றியும் கத்தரிக்காய் நிறம். யாரும் அடிக்கவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, புருஷனைக் காப்பாற்றுகிறாள் என்றார்கள் பெண்கள். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவள் தம்பி சகாயவினோத் பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தான். சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் என்னை நிறுத்திவிட்டு, அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவானாம். அவள் போய்விட்டால் நான் என்ன ஆவது?

அவள்தான் எங்கள் இருவரையும் ஆட்டோவில் தள்ளி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதினார். சகாயவினோத் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினான். எக்கிமோசிஸ்.

“அடிச்சதுன்னு எழுதிட்டாகள்ல மச்சான். இதக் கூட்டத்துல காட்டுறேன்.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சு பரவியிருக்குன்னு அர்த்தம். அடிபட்டு வந்தாலும் இதத்தான் எழுதுவோம், அடிபடாம வந்தாலும் இதத்தான். எதனால வந்துச்சுன்னு அந்த வார்த்தை சொல்லாது. நாமதான் தேடணும்.”

கடலில் என்ன மாட்டியிருந்தாய் என்று கேட்டார். ஜோதிமேரி பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். நீலக் கண்ணாடி, தம்பி துபாயிலிருந்து ஆசையாக வாங்கி வந்தது. கண்ணை மட்டும் மூடும், மூக்கு வெளியே இருக்கும். டாக்டரம்மா சிரித்தேவிட்டார். அது நீச்சல்குளத்தில் மிதக்கிறவர்களுக்கானதாம். ஆழத்துக்குப் போனால் கண்ணைச் சுற்றி உறிஞ்சிப் பிடித்துவிடும். அவள் முன்பு மாட்டிக்கொண்டிருந்த, மூக்கையும் மூடுகிற மாஸ்க்கில் மூக்கால் ஊதிச் சரிசெய்துகொள்ளலாம், இதில் அதற்கு வழியில்லை. பார்வைக்குப் பயமில்லை, பச்சையாகி மஞ்சளாகி மறையும், அதுவரை முங்கக்கூடாது என்றார்.

எனக்கு அங்கேயே குதிக்கலாம்போல இருந்தது.

“ஏலே மாப்ள, இப்பச் சொல்லு. ஒங்கக்காவ அடிச்சது யாரு?”

அவன் சீட்டை வாங்கிக்கொண்டு முதல் ஆளாக ஆட்டோவில் ஏறினான். எங்கள் தெருமுனையில் பெண்கள் கூடி நின்றார்கள். ஆட்டோ நிற்பதற்குள் குதித்து, சீட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான்.

“எக்கிமோசிஸ்! மச்சான் கைய வைக்கல. நான் வாங்கியாந்த கண்ணாடி பண்ணுன வேல.”

ஜோதிமேரி இறங்கி வந்து அந்த நீலக் கண்ணாடியை அவன் கண்ணில் மாட்டிவிட்டாள்.

“கூட்டத்துக்கு இதப் போட்டுக்கிட்டுப் போடா” என்றுவிட்டு, உலை வைக்க உள்ளே போனாள்.